ரெபேக்காவும் அவள் பெண்களும்

அஞ்ஞாத வாசத்தின்போது அர்ச்சுனன் சேலை கட்டிக்கொண்டு, பிருகன்னளை என்று பெயர் வைத்துக்கொண்டு, விராட ராஜன் மகளுக்கு நாட்டியம் சொல்லிக் கொடுத்தான் அல்லவா? அந்த வேஷத்தின் நோக்கம், ஒரு வருஷ காலம் சண்டை சச்சரவு இல்லாமல் ஒளிந்திருப்பது. நான் சொல்லப்போகும் சரித்திரத்திலும் ஆண்கள் பெண் வேஷம் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் அதைப் போட்டுக்கொண்டது சண்டை போடுவதற்காகவே. அவர்கள் ராஜகுமாரர்களும் அல்ல, கடன்பட்ட குடியானவர்கள். அவர்கள் கையில் காண்டீபம் இல்லை. கோடாலியும் ரம்பமும் சில பழைய துப்பாக்கிகளுந்தான் இருந்தன.

இங்கிலாந்துக்கு மேற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் மலைநாடு வேல்ஸ். அதன் தென்மேற்கு மூலையில் பெம்ப்ரோக், கார்மார்தன், கார்டிகன் என்று மூன்று ஜில்லாக்கள் இருந்தன. மழை அதிகம், மண்ணோ புளித்த மண். சுண்ணாம்பு போட்டால்தான் அதில் ஏதாவது விளையும். ஆகவே கோடைக் காலம் வந்தால் குடியானவன் வண்டியைப் பூட்டிக்கொண்டு காளவாய்க்குப் போவான். சுண்ணாம்பு வாங்கி ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புவான். இடையிலே சாலை இருக்கிறது. சாலையின் குறுக்கே கதவு இருக்கிறது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீடு. அதற்குள்ளே சுங்கம் வசூலிக்கும் ஆள்.

அக்காலத்தில் சாலை போடும் வேலையைச் சர்க்கார் நேரடியாகச் செய்யவில்லை. அந்தந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்கள் பார்லிமெண்டில் ஒரு சட்டம் வாங்கிக்கொண்டு, சாலை டிரஸ்டு ஒன்றை ஏற்படுத்துவார்கள். கடன் வாங்கிச் சாலை போடுவார்கள். கடனுக்கு வட்டி கொடுக்கச் சுங்கம் வசூலிப்பார்கள். வசூலைக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகைக்காரன் தான் கொடுத்த பணத்தையும் அதற்கு மேலே லாபத்தையும் எடுக்க வேண்டாமா? ஆகவே கதவுகள் பெருகின. பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் போகிறவனைப் பிடிக்கச் சந்துகளிலும் கதவு வைத்தார்கள். ஒரு வண்டிச் சுண்ணாம்பு வீடு வந்து சேர்வதற்குள், சுண்ணாம்பின் விலையைவிடச் சுங்கம் அதிகமாகிவிடுவதும் உண்டு.

சுங்கம் ஒன்றுதான் துன்பம் என்றால் அந்த ஜனங்கள் பொறுத்திருப்பார்களோ என்னவோ! 1834-ல் புதிய ஏழைச் சட்டம் வந்தது. வேலையற்ற ஏழைக்கு வீட்டிலிருந்தபடி கிடைத்துவந்த சொற்ப உதவி சுருங்கிவிட்டது. கஞ்சி வேண்டுமானால் ஏழைகள் விடுதிக்குள் வா என்றார்கள். உள்ளே போனால் புருஷன் ஒரு பக்கம், பெண்சாதி ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம். 1836-ல் மாதாகோவிலுக்குக் கொடுக்கவேண்டிய தசம பாகத்தைப் பணமாகவே கொடுக்கவேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்தது. இந்தக் குடியானவர்களில் பெரும்பாலோர் அந்த ராஜாங்கக் கோவிலுக்குப் போகிறவர்களே அல்ல. தங்களுக்கென்று தனிப் பிரார்த்தனைக் கூடம் கட்டிக்கொண்டவர்கள். தாங்கள் கும்பிடாத கோவிலுக்குத் தாங்கள் காணிக்கை செலுத்த வேண்டியிருந்தது! 1830-ஆம் ஆண்டுகளின் இறுதியில் மழை வேறு அறுவடையைத் தொடர்ந்து கெடுத்தது.

முறையிடலாமே என்று கேட்பீர்கள். யாரிடம் முறையிடுவது? நிலத்துக்குச் சொந்தக்காரர் யாரோ, பெரும்பாலும் அவரே அந்த வட்டாரத்து மாஜிஸ்டிரேட். அவரே, இல்லாவிட்டால் அவருடைய உறவினர், சாலை டிரஸ்டின் அங்கத்தினர். கோர்ட்டிலே பேசுகிற பாஷை இங்கிலீஷ். குடியானவன் பேசுகிற பாஷை வெல்ஷ். தனக்கு என்ன தண்டனை விதித்தார்கள் என்பதையே இன்னொருவர் சொல்லித்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த நிலைமையில், 1839-ஆம் வருஷம் எவைல்வென் என்ற இடத்தில் விட்லண்டு டிரஸ்டார் ஒரு புதிய கதவு வைத்தார்கள். சுண்ணாம்பு வண்டிகளைப் பிடிப்பதற்கென்றே வைத்த கதவு அது. குத்தகைக்காரர் தாமஸ் புல்லின் என்பவர். மே மாதம் 13-ந் தேதி இரவு ஒரு கூட்டம் வந்து கதவைத் தகர்த்துச் சாவடியைக் கொளுத்திவிட்டுப் போய்விட்டது. மறுபடி கட்டினார்கள். ஜூன் 6-ந் தேதி முகத்தில் கரி பூசிக்கொண்டு, பெண்களின் உடைகளை அணிந்துகொண்டு, நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள், மறுபடி உடைத்தார்கள். ஜூலை 17-ந் தேதி மூன்றாம் முறையும் அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு டிரஸ்டார் அந்தக் கதவை வைக்கும் யோசனையையே கைவிட்டுவிட்டார்கள்.

அந்த வட்டாரத்துக் குடியானவர்கள் இதிலிருந்து என்ன பாடம் கற்றிருப்பார்கள்? மனுப் போட்டால் பதில் வராது. கோடாலி போட்டால் பதில் வரும் என்பதுதான். அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் டிரஸ்டாரும் மாஜிஸ்டிரேட்டுகளுமே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்தக் கூட்டத்தின் தலைவனுக்கு ‘ரெபேக்கா’ என்று பெயர். கூட வருகிறவர்கள் எல்லாரும் ரெபேக்காவின் பெண்கள். முதல் ரெபேக்காவாக வந்தவர் தாமஸ் ரீஸ் என்ற குத்துச்சண்டைக்காரக் குடியானவர் என்பது அந்த ஊர்ப் பரம்பரைச் செய்தி. ஆள் பெரிய உடம்புக்காரர். அவருக்குப் பொருந்தும்படியான பாவாடை எங்கே கிடைக்கும்? ஊரெல்லாம் தேடிக் கடைசியில் ரெபேக்கா என்ற ஒரு பெரிய உடம்புக்கார அம்மாளிடம் இரவல் வாங்கினாராம். அதனால்தான் அந்தப் பெயர் வந்ததாம். வேறொரு காரணமும் சொல்லுவார்கள். பைபிளில், ரெபேக்காள் கல்யாணமாகிப் புறப்படும்போது, அவள் சந்ததியார் தங்கள் பகைவருடைய வாசல்களைக் கைப்பற்றுவார்கள் என்று வாழ்த்தி அனுப்புகிறார்கள். பைபிளை நெட்டுருப் போட்ட ஜனங்களுக்குக் கதவை உடைக்க இதைவிட நல்ல அநுமதி வேறு வேண்டுமா?

பெண் வேஷமும் கரி முகமும் அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. வேல்ஸ் கிராமங்களில் மரக்குதிரை என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. மனைவியை அடிக்கிறவன், ஊருக்கு அடங்காதவன், சர்க்காரிடம் கோள் சொல்லுகிறவன் ஆகியவர்களுடைய வீட்டு வாசலில் இரவிலே இளைஞர்கள் கூடுவார்கள். கரி பூசிக்கொண்டு, பெண் உடை தரித்துக்கொண்டு, தகரத்தைத் தட்டி, ஒரு பரிகாச விசாரணை நடத்தி அவன் மானத்தை வாங்குவார்கள். அயலூர்க் கோர்ட்டுக்குப் போகாமல் ஊரே நடத்திக்கொண்ட பஞ்சாயத்து அது. ரெபேக்கா செய்ததெல்லாம், அந்தப் பஞ்சாயத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் வாசலிலிருந்து சுங்கச் சாவடி வாசலுக்குக் கொண்டுபோனதுதான்.

அவர்கள் கதவை உடைத்த விதத்தைக் கேட்டால் நம் ஊர்த் தெருக்கூத்து ஞாபகத்துக்கு வரும். ரெபேக்கா கண் தெரியாத கிழவி போலத் தடி ஊன்றிக்கொண்டு வருவாள். தடி கதவில் முட்டும். “பெண்களே! வழியிலே ஏதோ தடுக்கிறதே!” என்பாள். “உன் வழியில் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது, அம்மா!” என்று பெண்கள் கூவுவார்கள். கிழவி தடவிப் பார்த்து, இது கதவு போலிருக்கிறது என்பாள். அவ்வளவுதான்! கோடாலிகள் மேலெழும். சில நிமிஷங்களில் கதவு விறகாகிவிடும். சாவடிக்காரனுடைய சாமான்களை எடுத்து வெளியே வைத்துக்கொள்ள அநேகமாக அவனுக்கு அவகாசம் கொடுப்பார்கள். பொழுது விடிந்ததும் ரெபேக்கா ஏர் பூட்டிக்கொண்டு நிற்பாள். விசாரிக்க வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. கரி பூசிய முகத்தைத் தெரியவில்லை என்று சொல்வது ஒரு வகையில் பொய்யும் அல்லவே!

எவைல்வென்னுக்குப் பிறகு சில வருஷம் நாடு அமைதியாயிருந்தது. 1842-ன் கடைசியில் கதவுகள் மறுபடியும் விழத் தொடங்கின. 1843-ல் மூன்று ஜில்லாக்களிலும் அது காட்டுத்தீயாகப் பரவியது. நூற்றுக்கு மேற்பட்ட சாவடிகள் அழிந்தன. ரெபேக்காவின் அதிகாரம் சாலையோடு நிற்கவில்லை. தசம பாகம் கேட்ட பாதிரிமாருக்கு மிரட்டல் கடிதம் போயிற்று. ஏழைப் பெண்ணைக் கெடுத்துவிட்டு நழுவியவன் வாசலில் இரவிலே குழந்தையைக் கொண்டுவந்து ஒப்படைத்து, ‘வளர்த்தால் ஆயிற்று, இல்லாவிட்டால் தெரியும்!’ என்றார்கள். புதிய ஏழைச் சட்டம் அத்தகைய குழந்தைகளின் பாரத்தைத் தாயின் தலையிலேயே சுமத்தியிருந்தது. சட்டம் செய்யாத நியாயத்தைக் கரி முகங்கள் செய்ததாக ஜனங்கள் கொண்டாடினார்கள். இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

1843 ஜூன் 19-ந் தேதி பட்டப்பகலில் ஆயிரக்கணக்கானோர் கார்மார்தன் பட்டணத்துக்குள் ஊர்வலமாக வந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் குதிரைமேல் வந்தார்கள். நீதி வேண்டும் என்று எழுதிய கொடி பிடித்திருந்தார்கள். தங்கள் குறைகளைச் சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் ஏற்பாடு. ஆனால் கூட்டம் என்பது ஆறு மாதிரி. வழியில் உள்ள ஓடைகளெல்லாம் அதில் வந்து கலக்கும். பட்டணத்து ஏழை ஜனங்கள் சேர்ந்துகொண்டார்கள். ஊர்வலம் ஏழைகள் விடுதியின் பக்கம் திரும்பிற்று. கேட்டை உடைத்து உள்ளே புகுந்து சாமான்களைச் சூறையாடிக்கொண்டிருந்த சமயத்தில் குதிரைப் பட்டாளம் பாய்ந்து வந்து சேர்ந்தது. உருவிய வாளைக் கண்டதும் கூட்டம் சிதறியது. பலர் பிடிபட்டார்கள்.

அந்தச் செய்தி லண்டனை எட்டிற்று. ‘டைம்ஸ்’ பத்திரிகை தாமஸ் காம்பெல் பாஸ்டர் என்ற நிருபரை அனுப்பிவைத்தது. அவர் மாஜிஸ்டிரேட்டுகளின் விருந்து மேஜையோடு நின்றுவிடவில்லை. குடியானவர்களின் குடிசைக்கும் போனார். ஜூலை மாதத்தில் அவர்கள் நடத்திய ஓர் இரகசியக் கூட்டத்துக்கே அவரை அழைத்துக்கொண்டார்கள். சுங்கம், தசம பாகம், வாரம், ஏழைச் சட்டம் எல்லாவற்றையும் அவர் பத்தி பத்தியாக எழுதினார். வெல்ஷ் மொழியில் முனகிக்கொண்டிருந்த துயரம் முதன்முதலாக இங்கிலீஷில் பேசியது. ஆகஸ்டு 25-ந் தேதி மினித் ஸிலென் என்ற குன்றின் மேல் ஆயிரக்கணக்கானோர் பகலிலே, வேஷமில்லாமல், கூடினார்கள். வில்லியம் சேம்பர்ஸ் என்ற மாஜிஸ்டிரேட்டே தலைமை வகித்தார். ராணிக்கு மனு எழுதி நிறைவேற்றினார்கள். இரவில் நடப்பதை நிறுத்துங்கள் என்று அங்கே புத்தி சொல்லவும் செய்தார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! நாவலாயிருந்தால் நானே முடித்திருப்பேன்.

ஆனால் வேஷத்துக்கு ஒரு குணம் உண்டு. யார் வேண்டுமானாலும் அதை எடுத்து அணிந்துகொள்ளலாம். அதற்கு அளவெடுக்க வேண்டியதில்லை. சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டியதில்லை. ஷோனி ஸ்குபோர்வௌர் என்று ஒரு சண்டைக்காரர் இருந்தார். இரும்புத் தொழிற்சாலைகளின் பக்கத்திலிருந்து வந்த முரடர். கூலி வாங்கிக்கொண்டு கதவு உடைக்கக் கிளம்பினார். பிறகு, கூலி கொடுத்த குடியானவர்களையே மிரட்டிப் பணம் பிடுங்கினார். அவருக்குப் பாட்டுக்கார டாய் என்ற ஒரு கூட்டாளி. இன்னொரு பக்கம், சொந்தப் பகைமைகளும் ரெபேக்காவின் பாவாடையைக் கட்டிக்கொண்டு கிளம்பின. வைக்கோற் போர்கள் எரிந்தன. குடியானவர்களிடம் வேலை செய்யும் கூலியாட்கள் தாங்களும் கூட்டம் போட்டு, “எங்கள் கூலி என்ன ஆயிற்று?” என்று கேட்கத் தொடங்கினார்கள். ‘அடடா, கரி நம் வீட்டுச் சுவரிலும் ஒட்டுமோ!’ என்ற பயம் குடியானவர்களைப் பிடித்துக்கொண்டது.

செப்டம்பர் 6-ந் தேதி இரவு பொண்டர்துலைஸ் சாவடியில், காப்டன் நேப்பியர் என்ற போலீஸ் தலைவர் தம் ஆட்களுடன் பதுங்கியிருந்தார். யாரோ முன்கூட்டியே துப்புக் கொடுத்திருந்தார்கள். கதவு உடைபடும் சமயத்தில் போலீஸார் பாய்ந்தார்கள்; இரு பக்கமும் துப்பாக்கி வெடித்தது. காயம்பட்டுப் பிடிபட்ட ரெபேக்காவின் வேஷத்தைக் கலைத்துப் பார்த்தால், உள்ளே இருந்தவர் ஜான் ஹ்யூஸ் என்ற வாலிபர். கௌரவமான குடியானவர் வீட்டுப் பிள்ளை. அவருக்கு இருபது வருஷம் தேசப்பிரஷ்ட தண்டனை கிடைத்தது. கடல் கடந்து, இப்போது டாஸ்மேனியா என்று சொல்லுகிற தீவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 9-ந் தேதி இரவு, ஹெண்டி சாவடிக்குக் கூட்டம் வந்தது. அங்கே சுங்கம் வசூலித்தவள் ஸாரா வில்லியம்ஸ் என்ற கிழவி. வயது எழுபத்தைந்து. டிரஸ்டுக்கும் அவளுக்கும் உள்ள சம்பந்தம், கூலிக்கும் கைக்கும் உள்ள சம்பந்தந்தான். சாவடியைக் கொளுத்தினார்கள். கிழவி பக்கத்துக் குடிசைக்கு ஓடிப்போய், நெருப்பை அணைக்க உதவிக்கு வரும்படி கெஞ்சினாள். யாரும் வரத் துணியவில்லை. அவள் திரும்பிப் போனாள். துப்பாக்கி வெடிக்கும் சத்தம் கேட்டது. தட்டுத் தடுமாறி மறுபடியும் அந்தக் குடிசை வாசலுக்கு வந்து விழுந்தாள். சற்று நேரத்தில் உயிர் போய்விட்டது.

வைத்தியர்கள் பிரேதத்தைப் பரிசோதித்து, துப்பாக்கிக் குண்டுகள் பட்டிருக்கின்றன என்று சாட்சி சொன்னார்கள். பிறகு ஜூரிகள் கூடினார்கள். அந்த வட்டாரத்து மனிதர்கள். திருடர்கள் அல்ல, கொலைகாரர்கள் அல்ல. அவர்கள் கொடுத்த தீர்ப்பு: கிழவியின் மார்புக்குள் இரத்தம் கசிந்து மூச்சுத் திணறி இறந்தாள், எதனால் கசிந்தது என்பது ஜூரிகளுக்குத் தெரியாது!

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது, சுட்டவனைவிட இந்த ஜூரிகளைப் பற்றியே நான் அதிகம் யோசித்தேன். சுட்டவன் இருட்டிலே கரி பூசிக்கொண்டிருந்தான். இவர்களோ பட்டப்பகலில், முகம் கழுவிக்கொண்டு, பிரமாணம் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பயமோ, அநுதாபமோ, இரண்டுமோ, அவர்கள் முகத்திலும் கரி ஏறிவிட்டது. முதலில் சிலருக்கு வேஷம் போட்ட ஊர், பிறகு உண்மைக்கே வேஷம் போடவேண்டியதாயிற்று.

ரெபேக்கா தோற்றாளா, ஜெயித்தாளா? சர்க்கார் 1843 அக்டோபரில் ஒரு விசாரணைக் கமிஷன் நியமித்தது. தாமஸ் பிராங்க்லண்டு லூயிஸ் அதன் தலைவர். கமிஷன் ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் கேட்டது. குடியானவர்கள் சொன்ன குறைகளில் பெரும்பகுதி நியாயமே என்று ஒப்புக்கொண்டது. 1844-ல் சட்டம் வந்தது. சில்லறை டிரஸ்டுகள் ஒழிந்து ஜில்லாச் சாலை போர்டுகள் ஏற்பட்டன. சுங்கம் ஒரே சீராயிற்று. சுண்ணாம்பு வண்டிக்குச் சுங்கம் பாதியாகக் குறைந்தது. கோடாலி விழாமலிருந்தால் கமிஷன் வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. அதை மறைத்துவிட்டு அஹிம்சைப் பிரசங்கம் செய்வது நாணயமாகாது. ஆனால் இன்னொன்றும் உண்மை. கமிஷன் முன்பாக வந்து சாட்சி சொன்னவள் ரெபேக்கா அல்ல. பெயரும் ஊரும் சொல்லி, முகத்தைக் காட்டிக்கொண்டு நின்ற குடியானவர்கள்தான் சொன்னார்கள். கதவை உடைக்க வேஷம் போதும். அந்த இடத்தில் வேறொன்றைக் கட்டுவதற்கு முகம் வேண்டியிருக்கிறது.

முகமூடியைக் கண்டால் அரசாங்கங்களுக்கு எப்போதுமே நடுக்கந்தான். 1723-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு கரி முகச் சட்டம் ஒன்று செய்தது. பிரபுக்களின் காடுகளில் மான் திருடியவர்கள் கரி பூசிக்கொண்டு வந்ததுதான் காரணம். முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு ஆயுதத்தோடு காட்டில் காணப்பட்டாலே தூக்கு! அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி நூறு வருஷம் கழித்து, 1823-ல்தான் ரத்தாயிற்று. மேற்கு ஜெர்மனியில் 1980-ஆம் ஆண்டுகளில், தலை முதல் கால் வரை கறுப்புடை அணிந்து, முகத்தை மூடிக்கொண்டு ஊர்வலத்தில் அணியாக வரும் இளைஞர்கள் தோன்றினார்கள். 1985-ல் ஆர்ப்பாட்டத்தில் முகம் மூடுவதையே தடை செய்தார்கள். கறுப்பு அணி நிற்கவில்லை, எல்லை தாண்டியது. 1999-ல் அமெரிக்காவின் ஸியாட்டில் நகரில் கடைக் கண்ணாடிகள் உடைந்தன. ஆயிரமாயிரம் பேர் அமைதியாக எதற்காக ஊர்வலம் வந்தார்கள் என்பதைவிட, உடைந்த கண்ணாடியே பத்திரிகைகளில் பெரிதாக மின்னியது. 2001-ல் இத்தாலியின் ஜெனோவா நகரில், கார்லோ ஜூலியானி என்ற இருபத்து மூன்று வயது இளைஞன் போலீஸ் சிப்பாயின் குண்டுக்கு இரையானான். ஹாங்காங் சர்க்கார் 2019 அக்டோபரில் முகமூடிக்குத் தடை போட்டது. கொள்ளைநோய் வந்தபின், 2020-ல், அதே சர்க்கார் முகமூடி அணியாதவர்களுக்கு அபராதம் விதித்தது!

இவை எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது கானடா தேசத்தில் மாண்டெபெல்லோ என்ற ஊரில் நடந்த சிறு சம்பவந்தான். 2007 ஆகஸ்டில் அங்கே ஓர் அமைதியான ஆர்ப்பாட்டம். முகமூடி அணிந்த மூன்று பேர், ஒருவன் கையில் கல்லோடு, கூட்டத்தில் புகுந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் அவர்களை மறித்து, “முகமூடியைக் கழற்று!” என்று எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார். அவர்கள் நழுவிப் போலீஸ் வரிசைக்குள் போய்விட்டார்கள். மூன்று நாள் கழித்துக் கியூபெக் மாகாணப் போலீஸ், அவர்கள் தங்கள் ஆட்களே என்று ஒப்புக்கொண்டது. கலகம் செய்ய அனுப்பவில்லை என்றும் சொல்லிக்கொண்டது. இருக்கட்டும். ரெபேக்காவின் பாவாடைக்குள் ஷோனி நுழைந்தது போல, கறுப்பு முகமூடிக்குள் போலீஸும் நுழையலாம். முகமூடி எதிரியிடமிருந்து நம்மை மறைக்கிறது. எதிரியையும் நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது.

ஏழையின் முகமூடியைக் கண்டு கோபப்படுவது சுலபம். முகம் காட்டிப் பேசியவனுக்கு என்ன கிடைத்தது என்றும் கேட்கவேண்டும். மனு கொடுத்தவன் மறுநாள் நிலத்தை இழப்பான் என்றிருந்த ஊரில், கரி பூசாதே என்று சொல்ல யாருக்கு யோக்கியதை உண்டு? முதல் முகமூடி டிரஸ்டு என்ற பெயரில், கையெழுத்தும் முத்திரையுமாக, சாலையின் குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் யார் என்று சுண்ணாம்பு வண்டிக்காரனுக்குக் கடைசி வரையில் தெரியாது. அவன் கண்ணுக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான்: கதவண்டை கை நீட்டிய கூலிக்காரக் கிழவியின் முகம்.

பெரிய மனிதர்கள் டிரஸ்டுக்குப் பின்னால் இருந்தார்கள். குடியானவர்கள் கரிக்குப் பின்னால் இருந்தார்கள். ஜூரிகள் தெரியாது என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தார்கள். ஹெண்டி சாலையில் அன்று இரவு எதையும் முகத்தில் போட்டுக்கொள்ளாமல் வந்து நின்றவள் ஸாரா வில்லியம்ஸ் ஒருத்திதான். குண்டு அவள்மேல்தான் பட்டது.